வலது திருப்பத்துக்குப் பிறகு மட்டும் இறங்கிய பிரேக் பெடல்

ட்ராக்கில் ஓட்டிவிட்டு வந்த நண்பர் காரை நிறுத்தியதும் சொன்னது இவ்வளவுதான்: "சில இடத்தில் பெடல் உள்ளே போயிடுது. ரெண்டாவது தடவை மிதிச்சா சரியாயிடுது."

நாங்கள் நாலு பேர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சொந்தக் கையால் பழுது பார்ப்பவர்கள், யாரும் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஆளுக்கொரு கார், பொதுவில் ஒரு ஷெட், எந்தக் கருவி யாருடையது என்பதே மறந்துபோன ஒரு அலமாரி. பெடல் என்று கேட்டதும் அன்று ஷெட்டில் இருந்த எல்லோரும் பிரேக்கைத்தான் பார்த்தோம். கோளாறு பிரேக்கில் இல்லை என்று தெரிய நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நண்பர் சொன்ன அந்த இரண்டு வரியிலேயே பாதி விடை இருந்ததுதான் இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

கார், 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை. மடங்கி எழும் முகப்பு விளக்கு, 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. முன்னால் சக்கரத்தோடு சுழலும் 235 மி.மீ. காற்றோட்ட டிஸ்க், அதை இரண்டு பேட்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும், ஒற்றைப் பிஸ்டன் உள்ள நகரும் கேலிப்பர். இந்தக் காரில் ஏபிஎஸ் கிடையாது. வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தோதான கார் குறைவு. எதைத் தொட வேண்டுமானாலும் வேறு நாலு பொருளைக் கழற்ற வேண்டியதில்லை. அந்த எளிமையே சில சமயம் ஆளை அலட்சியமாக்கிவிடும்.

முதல் மூன்று ஞாயிறு

முதல் சந்தேகம் பிரேக் ஆயில். ட்ராக்கில் பெடல் இறங்கினால் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், அதில் தப்பும் இல்லை. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு விதி கேட்கும் கொதிநிலை 155 டிகிரிதான். ட்ராக்கில் கேலிப்பர் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமே இல்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ். குமிழ் அமுங்கும், பெடல் இறங்கும்.

ஆனால் கொதித்த ஆயிலின் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். சூடு ஆறும் வரை அப்படியேதான் இருக்கும், மோசமாகவும் ஆகும். இரண்டாவது மிதியில் கல் மாதிரி நிற்காது. நண்பர் சொன்னதோ நேர்மாறு: முதல் மிதி ஆழமாகப் போகிறது, ஆனால் போய் நிற்கும் இடத்தில் பெடல் கெட்டியாக இருக்கிறது, அடுத்த மிதி உயரத்திலேயே பிடிக்கிறது. நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, சாலையில் ஓட்டிப் பார்த்தோம். பிரமாதமாகப் பிடித்தது. சாலையில்தான் முன்பும் பிரமாதமாகப் பிடித்ததே என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ட்ராக் நாளில் அதே கதை.

இரண்டாவது ஞாயிறு கேலிப்பரைக் கழற்றினோம். கேலிப்பர் நகரும் ஊசிகளில் ஒன்று, இடது முன்பக்கம், காய்ந்து போய் விரலால் தள்ள முடியாத நிலையில் இருந்தது. "கிடைச்சிடுச்சு" என்று ஒருவர் கத்தியே விட்டார். ஊசியைத் துடைத்து, ரப்பருக்குக் கேடு செய்யாத சிலிக்கோன் கிரீஸ் போட்டு மாட்டினோம். பேட் மாற்றினோம். அதற்கடுத்த ட்ராக் நாளில் பெடல் முன்பை விடக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. இந்தக் 'கொஞ்சம்'தான் எங்களை மேலும் ஒரு ஞாயிறு தவறான வழியில் கூட்டிப்போனது. பழுது பார்ப்பதில் ஒன்றுமே மாறாமல் இருந்தால் நல்லது, அந்தச் சந்தேகத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். அரைகுறையாகச் சரியானால் அதை விட மனசு வராது.

மூன்றாவது ஞாயிறு பின்சக்கரம். இந்தக் காரின் பின் கேலிப்பரில் கைப்பிரேக் இயக்கமும் சேர்ந்தே இருக்கிறது. கேலிப்பரின் பின்னால் ஒரு போல்ட் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி போகும் துளை. சாவியை விட்டுத் திருகினால் பிஸ்டன் வெளியே வந்து பேடை டிஸ்க்கோடு ஒட்ட வைக்கும். சக்கரம் சுழலாத வரை இறுக்கி, பிறகு ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் விட வேண்டும். பேட் மாற்றியபின் இதைச் செய்யாமல் விட்டால் பின் பேட்களுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி கூடி, பெடல் எப்போதும் சற்றே ஆழமாக இருக்கும். இந்தக் காரில் இரண்டு பக்கமும் தளர்ந்திருந்தது. சரிசெய்ததும் சாதாரணப் பெடல் அழகாக மேலே வந்தது. நண்பருக்கு ஒரே சந்தோஷம்.

ட்ராக்கில் போய்ப் பார்த்தால் அழகான பெடல், ஆனால் அவ்வப்போது இறங்குகிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத பிரேக் கோளாறோடு ஒரு காரை மூன்று முறை ட்ராக்குக்கு அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைச் சரிசெய்திருந்தோம் என்பதால் அது பரிசோதனை மாதிரித் தெரிந்தது. பரிசோதனை இல்லை, சூதாட்டம்.

கேட்க வேண்டிய கேள்வி

எங்களில் மூத்தவர் அந்த மூன்று வாரமும் ஊரில் இல்லை. நாலாவது வாரம் வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், காரைத் தொடவே இல்லை.

"எந்த இடத்தில் இறங்குது?"

"பிரேக் போடும்போதுதாண்ணே."

"அது தெரியுது தம்பி. அதுக்கு முன்னாடி கார் எந்தப் பக்கம் திரும்பிட்டு வந்தது?"

நண்பர் கண்ணை மூடி, மனசுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினார். கை ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே அசைந்தது. நீண்ட வேக வலது வளைவு, அதன் முடிவில் நேர்க்கோடு, அப்புறம் பிரேக்: அங்கே இறங்கும். இன்னொரு இடம், அதுவும் வலது வளைவுக்குப் பின். இடது வளைவுக்குப் பிறகு இறங்கியதே இல்லை. நேர்ப்பாதையில் உச்ச வேகத்தில் வந்து மிகக் கடுமையாக மிதிக்கும் இடத்தில், டிஸ்க் அதிகம் சூடாகும் இடத்தில், ஒருநாளும் இறங்கியதில்லை.

அந்தக் கடைசித் தகவலோடு ஆயில், பேட், சூடு எல்லாம் பட்டியலிலிருந்து போய்விட்டன. வலது பக்கம் திரும்பும்போது காரின் பாரம் இடது சக்கரங்களில் விழுகிறது. அதனால் கேள்வி இடது முன்சக்கரத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான்.

உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. வளைவு முடிந்து நேரானதும், பிரேக் போடும் இடத்துக்கு முன்பே, இடது காலால் பெடலை லேசாக ஒரு தட்டுத் தட்டுவது. கார் வேகம் குறையாத அளவுக்கு. பிறகு வழக்கம்போல வலது காலால் பிரேக். தட்டிய பிறகு பெடல் சரியான உயரத்தில் நின்றால், பேட்கள் டிஸ்க்கை விட்டு விலகிப் போயிருந்தன, தட்டல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது என்று அர்த்தம். பந்தய ஓட்டிகள் பலர் இதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். மூத்தவர் பக்கத்து இருக்கையில் உட்கார, நண்பர் மிதமான வேகத்தில் ஆறு சுற்று போனார்; மூன்றில் தட்டினார், மூன்றில் தட்டவில்லை. தட்டிய மூன்றிலும் பெடல் மேலேயே நின்றது. தட்டாத மூன்றிலும் இறங்கியது.

ஏன் இறங்குகிறது

டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், மிதிக்கும்போது சற்று வளைந்து, விடும்போது பழைய நிலைக்கு வருகிறது. அந்த வளைவு அளவுக்கு மட்டும் பிஸ்டன் பின்வாங்கும். மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அதனால்தான் பேட் எப்போதும் டிஸ்க்கை ஒட்டியே நிற்கிறது, பெடலும் உயரத்திலேயே பிடிக்கிறது.

சக்கரம் உராயாமல் சுழல உதவும் வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தால், வளைவில் டயர் மீது வரும் பக்கவாட்டு விசை, சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் ஹப்பை அசைக்கிறது. ஹப்போடு டிஸ்க்கும் உள்பக்கம் தள்ளப்படுகிறது, சாய்கிறது. சாயும் டிஸ்க் பேடைத் தள்ள, பேட் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் தன் துளைக்குள் போகிறது. வளைவு முடிந்ததும் டிஸ்க் நேராகிவிடும். பிஸ்டன் திரும்பி வராது, அதை வெளியே தள்ள யாரும் இல்லை. நடுவில் ஒரு இடைவெளி. அடுத்த முதல் மிதி அந்த இடைவெளியை மூடுவதிலேயே செலவாகிறது.

சின்ன அசைவு பெடலில் எப்படி இவ்வளவு பெரிதாகிறது என்பதை மூத்தவர் அட்டைப்பெட்டி மூடியில் எழுதிக் காட்டினார். கேலிப்பர் பிஸ்டன் விட்டம் சுமார் 51 மி.மீ., பெடல் அழுத்தி ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சுமார் 22 மி.மீ. பரப்பளவில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பிஸ்டன் அரை மி.மீ. பின்னால் போனால், அதை நிரப்ப மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் சுமார் 2.7 மி.மீ. நகர வேண்டும். பெடல் நெம்புகோல் நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், காலில் அது ஒரு செண்டிமீட்டர். ஒரே சக்கரத்தில், அரை மில்லிமீட்டருக்கு. நண்பர் தன் சுண்டுவிரலை நீட்டி, "இதன் தடிமன் அளவுதான் இறங்குது" என்று முதல் நாளே காட்டியிருந்தார்.

காய்ந்த ஊசிக்குக் கிரீஸ் போட்டதும் கொஞ்சம் குறைந்ததற்கும் இப்போது காரணம் தெரிந்தது. கேலிப்பர் தாராளமாக நகர்ந்தால், டிஸ்க் தள்ளும்போது பிஸ்டனை அமுக்குவதற்குப் பதில் கேலிப்பரே ஓரளவு கூடப் போய்விடும்.

110

காரை ஸ்டாண்டில் ஏற்றினோம். (ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு காரின் கீழே கை நீட்டுபவரோடு நான் வேலை செய்வதில்லை. இது தனிக் கதை.) இடது முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஒரு சின்ன 'டக்'. இது இரண்டாவது ஞாயிறே கேட்ட சத்தம்தான். சஸ்பென்ஷன் மூட்டாக இருக்கும் என்று விட்டிருந்தோம். அதையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஒருவர் பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தை ஆட்ட வேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் மூட்டு. மறைந்தது.

சக்கரம், கேலிப்பர், டிஸ்க் மூன்றையும் எடுத்துவிட்டு, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் காந்த அடியை, ஹப்பைத் தாங்கும் நக்கிளில் ஒட்ட வைத்து, முனையை ஹப் முகத்தில் நிறுத்தி, ஹப்பை உள்ளும் புறமும் தள்ளினோம். கேலிப்பரைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம், குழாயில் தொங்கவிடக் கூடாது. இடது பக்கம் 0.14 மி.மீ. வலது பக்கம் 0.03. அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05.

தூசி மூடியைத் தட்டி எடுத்ததும் ஹப் நட் தெரிந்தது. இந்த நட்டின் விளிம்பை, இறுக்கி முடித்தபின் பஞ்ச் வைத்து அடித்து, ஹப் சுழலும் அச்சான ஸ்பிண்டிலில் உள்ள பள்ளத்துக்குள் மடக்கிவிட வேண்டும். அப்போதுதான் தானாகக் கழலாது. மடிப்பு ஒழுங்காகவே இருந்தது, நட் கழலவில்லை. மூத்தவர் மடிப்பை நிமிர்த்தி, 29 மி.மீ. சாக்கெட்டை மாட்டி, இறுக்கத்தை அளந்து காட்டும், இரவல் வாங்கிய பெரிய டார்க் ரெஞ்சால் இறுக்கும் திசையில் மெல்ல அழுத்தச் சொன்னார். எந்த அளவில் நட் நகரத் தொடங்குகிறது என்று பார்க்க. 100 நியூட்டன் மீட்டரில் நகரவில்லை. 110-ஐத் தாண்டியதும் நகர்ந்துவிட்டது.

இந்த நட்டுக்கு வேண்டிய இறுக்கம் சுமார் 170 முதல் 215 நியூட்டன் மீட்டர். பேரிங்கின் இரண்டு உள் வளையங்களையும் ஒன்றோடு ஒன்று அழுத்திப் பிடிப்பது இந்த நட்தான். இறுக்கம் போதாவிட்டால் வளையங்களுக்கு நடுவில் மிக நுண்ணிய நகர்வு. அது உராய்ந்து உராய்ந்து ஆட்டமாகும்.

"நூத்திப் பத்து" என்று யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள். ஷெட்டில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. எங்கள் அலமாரியில் இருந்த பழைய டார்க் ரெஞ்சின் உச்ச அளவு 110.

இடது ஹப்பை இரண்டு வருடத்துக்கு முன் மாற்றியது நாங்களேதான். அன்று ஒருவர் அந்தச் சின்ன ரெஞ்சில் 110 வரை இறுக்கிவிட்டு, "மிச்சத்தைப் பெரிய ரெஞ்ச் கொண்டுவந்து இறுக்கணும்" என்று சொல்லிவிட்டு போன் பேசப் போனார். அவர் சொன்னது ஒருவருக்குக் கேட்டிருக்கிறது, மற்றவருக்குக் கேட்கவில்லை. கேட்காத அந்த மற்றவர் திரும்பி வந்து பார்த்தால், நட் இறுகியிருக்கிறது, பக்கத்திலேயே டார்க் ரெஞ்ச் கிடக்கிறது. வேலை முடிந்தது என்று பஞ்சை எடுத்து விளிம்பை மடக்கிவிட்டார். மடிப்பு மிக நேர்த்தியாக இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மடக்கியது நான்தான்.

மூன்று ஞாயிறும் ஆயில் டப்பா முதல் பின் கேலிப்பர் வரை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். அந்த ஹப்பை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. "அது புதுசு, நாமதானே மாத்தினோம்" என்று இரண்டாவது வாரமே நான் சொன்னதாக நண்பர் நினைவுபடுத்தினார். சொல்லியிருப்பேன்.

சரிசெய்தது

நட்டை இப்போது சரியாக இறுக்கினால் போதாதா என்று நண்பர் கேட்டார். இறுக்கிப் பார்த்தோம். 190-ல் ஆட்டம் 0.14-லிருந்து 0.05-க்கு வந்தது. அளவில் தேறிவிட்டது போலத்தான். ஆனால் ஹப்பைக் கையால் மெல்லச் சுழற்றினால் விரல் நுனியில் மணல் அரைபடுவது மாதிரி ஒரு நறநறப்பு. தளர்வாக ஓடிய பேரிங் இறுக்கியதால் புதிதாகிவிடாது. கழற்றிப் பார்த்தபோது உள் வளையம் உட்காரும் இடத்தில் ஸ்பிண்டிலில் துரு நிறத்தில் மங்கலான பட்டை, நுண்ணிய உராய்வின் அடையாளம். ஸ்பிண்டிலை மைக்ரோமீட்டரில் அளந்தோம், தேய்மானம் இல்லை; துடைத்து வைத்துக்கொண்டோம். இந்தக் காரில் முன் ஹப்பும் பேரிங்கும் ஒரே தொகுப்பு, முழுதாக மாற்றுவதுதான் வழி. புது ஹப், புது நட். மடக்கிய நட்டை மறுபடி பயன்படுத்துவதில்லை.

அதே இரவல் ரெஞ்சில் 200-ல் இறுக்கினோம். இந்த முறை ஒருவர் இறுக்க, இன்னொருவர் ரெஞ்சின் அளவை வாய்விட்டுப் படித்தார். மடக்கியபின் நட்டிலிருந்து ஸ்பிண்டில் வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. ஆட்டம் 0.01. டிஸ்க் மாட்டுமுன் ஹப் முகத்தில் இருந்த துருத் துணுக்குகளைக் கம்பித் தூரிகையால் சுரண்டினோம். அங்கே ஒரு துணுக்கு இருந்தாலும் டிஸ்க்கின் வெளி விளிம்பு தள்ளாடும், அதுவும் பிஸ்டனைத் தட்டித் தட்டிப் பின்னால் அனுப்பும்.

அடுத்த ட்ராக் நாளில் முதலில் மிதமாக, அப்புறம் முழு வேகத்தில், இருபது நிமிட ஓட்டம் மூன்று. பெடல் இறங்கவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் மூத்தவரே ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தார், அவர் பாணியில் அது பாராட்டு.

ஒரு சண்டை மட்டும் தீரவில்லை. இந்தக் காரோடு வந்த 14 அங்குலச் சக்கரத்தின் ஆஃப்செட் +45. நண்பர் இந்த வருடம் மாட்டியிருப்பது +20. அதாவது சக்கரத்தின் நடுக்கோடு 25 மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது, பேரிங் மீது நெம்புவிசை அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது. தளர்ந்த நட் இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டு இந்த வருடம் சத்தம் போட்டதற்கு இதுவும் காரணம் என்பது மூத்தவர் கட்சி. எனக்கும் அதில் சந்தேகமில்லை. நண்பரோ, +45 சக்கரம் போட்டால் கார் மளிகை வாங்கப் போகிற மாதிரி இருக்கிறது என்கிறார். அவர் கார், அவர் கண். இரண்டு ட்ராக் நாளுக்கு ஒருமுறை முன் ஹப் இரண்டையும் டயல் கேஜில் அளப்பது என்று முடிவானது.

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. நட்டின் பெயர், வேண்டிய அளவு, இறுக்கிய அளவு, இறுக்கியவர், பார்த்தவர். அட்டை நிரம்பாமல் மடக்கும் பஞ்சைத் தொடக் கூடாது என்பது மூத்தவர் உத்தரவு. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பழைய 110 ரெஞ்சின் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி 'சின்னது' என்று எழுதி வைத்திருக்கிறோம். வலது ஹப்பை மாற்றவில்லை. 0.03-லேயே நிற்கிறதா என்று வரும் ஞாயிறு பார்க்க வேண்டும்.